செற்றிங்ஸ் எங்கே, நெல்லுக் கணக்கு எங்கே: டெஸ்க்டொப் மென்பொருள் எதை எங்கே வைக்க வேண்டும்

காலபோக அறுவடை உச்சத்தில் நின்ற ஒரு மாசி மாதம். ஏ9 வீதிக்குக் கிட்ட இருக்கும் ஒரு நெல் மில்லுக்கு நான் விபி 6இல் (விஷுவல் பேசிக் 6 என்ற பழைய நிரல்மொழியில்) எழுதிக் கொடுத்த கொள்வனவுக் கணக்கு மென்பொருள் இரண்டாவது வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. பின்னேரம் ஒரு ஐயா ரசீதுத் துண்டோடு வந்து நிற்கிறார், காலையில் இறக்கிய நெல்லுக்குக் காசு வாங்க. துண்டு எங்கள் மென்பொருள் அடித்ததுதான், இலக்கமும் சரி, ஆனால் திரையில் அந்த இலக்கத்துக்கு நேரே வேறொருவரின் பெயர் கிடக்கிறது. "துண்டு இருக்குது தம்பி, கணக்கில இல்லையோ?" என்று அவர் கேட்க, கணக்கில் இருந்த பெடியனுக்கு வியர்த்துவிட்டது. முதலாளி எனக்குப் போன் எடுத்தார். அவர் கதைத்ததை இங்கே எழுத வேண்டாம்.

போய்ப் பார்த்தால் பிழை முழுக்க என்னுடையது. டேட்டாபேஸ் கோப்பை மென்பொருளுக்குப் பக்கத்திலேயே, புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் வைத்திருந்தேன். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் நாங்கள் எல்லோரும் அட்மின் கணக்கில்தான் இருந்தோம், எங்கே எழுதினாலும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். விஸ்டாவில் இருந்து அந்த ஃபோல்டருக்குள் சாதாரணப் பயனரால் எழுத முடியாது. ஆனால் பழைய மென்பொருள்கள் எல்லாம் ஒரேயடியாக விழுந்துபோகக் கூடாதே என்று மைக்ரோசொஃப்ட் ஒரு குறுக்கு வழி வைத்தது: தனக்கு என்ன அனுமதி வேண்டும் என்று சொல்கிற மேனிஃபெஸ்ட் இல்லாத 32 பிட் மென்பொருள் ஒன்று புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுதப் போனால், விண்டோஸ் அந்தக் கோப்பைச் சத்தமில்லாமல் கொப்பி எடுத்து, அந்தப் பயனரின் ஆப்டேட்டாவுக்குள் இருக்கும் லோக்கல் ஃபோல்டரில் வேர்ச்சுவல் ஸ்டோர் என்ற இடத்தில் போட்டு, அதற்குப் பிறகு வாசிப்பதையும் எழுதுவதையும் அந்தக் கொப்பிக்கே திருப்பிவிடும். மென்பொருளுக்கு ஒன்றும் தெரியவராது. மில்லில் அந்த வருடம்தான் புதுக் கணினி வாங்கி, காலையில் நிற்கும் பிள்ளைக்கும் பின்னேரம் நிற்கும் பெடியனுக்கும் தனித்தனி விண்டோஸ் கணக்கு போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஆக ஒரே கணினி, ஒரே மென்பொருள், இரண்டு கணக்குப் புத்தகம். இரண்டுமே 1201ஆம் துண்டில் இருந்து தத்தம் பாட்டுக்கு எண்ணிக்கொண்டு போயிருக்கின்றன.

அவற்றை ஒன்றாக்க எனக்கு இரண்டு இரவு போனது. அதற்குப் பிறகு எந்தப் புது மென்பொருளுக்கும் முதல் வரி எழுதுமுன் நான் பார்க்கிற விசயம் இது: எதை எங்கே வைப்பது. கடைக்கு பில் போடுகிற மென்பொருளோ, பள்ளிக்கூடப் புள்ளிப் பதிவோ, கால்நடைக் கணக்கோ, எதை எழுதுகிறவருக்கும் இது பொருந்தும்.

முதலில் தூற்றிப் பிரியுங்கள்

உங்கள் மென்பொருள் டிஸ்கில் எழுதுகிற ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே "இது தொலைந்தால் என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். பயனர் இருந்து தட்டிய கணக்கு தொலைந்தால் சண்டை வரும், அது தரவு. எழுத்தின் அளவு, எந்தப் பிரிண்டர், தமிழா ஆங்கிலமா என்பதெல்லாம் தொலைந்தால் ஐந்து நிமிட எரிச்சல், அது செற்றிங்ஸ். படங்களின் சின்ன உருவம், தேடல் அட்டவணை, இணையத்தில் இறக்கி வைத்த விலைப்பட்டியல் என்று மென்பொருள் தானே திரும்பச் செய்துகொள்ளக் கூடியது எல்லாம் கேஷ், அது பதர் மாதிரி, காற்று அடித்தால் போகட்டும். யன்னல் கடைசியாக எந்த மூலையில் இருந்தது, கடைசியாகத் திறந்த கோப்பு எது, பிழைப் பதிவுகள், இவை அந்தக் கணினிக்கு மட்டும் உரியவை, இன்னொரு கணினிக்குக் கொண்டுபோனால் பயனில்லை. பாஸ்வேர்ட் போன்ற இரகசியங்கள் தனி.

இந்தக் குவியல்களை ஒரே ஃபோல்டரில் கொட்டுவதால்தான் பாதி வில்லங்கம் வருகிறது. கணினி நிரம்பிவிட்டது என்று யாரோ கேஷை அழிக்கப் போய்க் கணக்கையும் சேர்த்து அழிப்பது, பக்கப் எடுக்கப் போனால் ஐந்து எம்பி கணக்கோடு இரண்டு ஜிபி பதரும் சேர்ந்து வருவது எல்லாம் அப்படித்தான்.

விண்டோஸில்

எங்கள் பக்கம் கடைகளிலும் அலுவலகங்களிலும் பெரும்பாலும் விண்டோஸ்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒவ்வொரு பயனருக்கும் சி டிரைவில் யூசர்ஸ் என்பதன் கீழே ஒரு வீடு இருக்கிறது. அதற்குள் ஆப்டேட்டா என்று மறைந்திருக்கும் ஒரு ஃபோல்டர். அதற்குள்ளே ரோமிங், லோக்கல் என்று இரண்டு முக்கியமான அறைகள். பெரிய அலுவலகங்களில் பயனர் எந்தக் கணினியில் லொகின் செய்தாலும் அவருடைய பொருட்கள் பின்னாலேயே வருகிற மாதிரி செய்து வைத்திருப்பார்கள், அப்படிப் பின்னால் வருவது ரோமிங்கில் இருப்பவை. ஆகவே ரோமிங்கில் சின்ன செற்றிங்ஸ் கோப்பு மட்டும் வையுங்கள். பெரிய கோப்புகளை அங்கே கொட்டினால் அப்படியான இடங்களில் லொகின் ஆவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். கேஷ், பதிவுக் கோப்பு, யன்னல் நின்ற இடம், பெரிய டேட்டாபேஸ் எல்லாம் லோக்கலுக்கு. எலெக்ட்ரானில் (இணையப் பக்கம் மாதிரி எழுதி டெஸ்க்டொப் மென்பொருளாக்கும் கருவி) எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அது சும்மா விட்டால் பயனர் தரவு ஃபோல்டரை ரோமிங்குக்குள்தான் திறக்கும், அதற்குள் இருக்கும் குரோமியம் பிரவுசரின் கேஷும் அதற்குள்ளேயே போய் விழும்.

எங்கே வைத்தாலும் உங்கள் மென்பொருளின் பெயரில் ஒரு ஃபோல்டர் திறந்து அதற்குள் வையுங்கள். வெறும் 'செற்றிங்ஸ்' என்று பெயர் வைத்த கோப்பை ரோமிங்கின் வாசலிலேயே போட்டுவிட்டுப் போகிற மென்பொருள்களைப் பார்த்திருக்கிறேன், அது யாருடைய பிள்ளை என்றே தெரியாது.

எல்லாப் பயனரும் பங்குபோடும் தரவு என்றால் (என் மில் கணக்கு அப்படித்தான்) சி டிரைவில் புரோகிராம் டேட்டா என்ற இடம் இருக்கிறது. ஆனால் அதிலும் ஒரு பொறி உண்டு. அங்கே சாதாரணப் பயனர் புதுக் கோப்பு உருவாக்கலாம், ஆனால் ஒருவர் உருவாக்கியதை மற்றவர் திருத்த முடியாது, இயல்பான அனுமதி அப்படித்தான் இருக்கும். காலைப் பிள்ளை உருவாக்கிய டேட்டாபேஸைப் பின்னேரப் பெடியன் திறந்தால் "எழுத முடியாது" என்று வரும். அதனால் இன்ஸ்டோல் செய்யும்போதே, அட்மின் அனுமதி கையில் இருக்கிற அந்த நேரத்திலேயே, உங்கள் ஃபோல்டருக்கு மட்டும் எல்லாப் பயனருக்கும் எழுதும் உரிமையைக் கொடுத்துவிடுங்கள். முழு புரோகிராம் டேட்டாவுக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

விண்டோஸ் தன் செற்றிங்ஸை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் வைக்கலாமா என்று கேட்பீர்கள். நடப்புப் பயனரின் கிளையில், சொஃப்ட்வெயார் என்பதன் கீழே, சின்னச் சின்ன செற்றிங்ஸ் வைக்கலாம், பிழையில்லை. எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். கோப்பாக இருந்தால் பென் டிரைவில் கொப்பி பண்ணலாம், நோட்பேடில் திறந்து பார்க்கலாம், "அண்ணை, அந்தக் கோப்பை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கோ" என்று ஒட்டுசுட்டானில் இருக்கிற கடைக்காரரிடம் போனில் சொல்லலாம். ரெஜிஸ்ட்ரியைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

இந்த இடங்களின் முகவரியை நீங்களே கையால் எழுதிவிடாதீர்கள். எக்ஸ்பியில் அது டொக்கியுமென்ட்ஸ் அண்ட் செற்றிங்ஸ் என்பதன் கீழே இருந்தது, விஸ்டாவில் யூசர்ஸுக்கு மாறியது, சிலர் தங்கள் ஃபோல்டர்களை டி டிரைவுக்கு மாற்றி வைத்திருப்பார்கள். விண்டோஸிடமே கேளுங்கள். டொட்நெட்டில் என்விரொன்மென்ட் வகுப்பில் ஃபோல்டர் பாதையைக் கேட்கும் செயல்பாடு ஒன்று இருக்கிறது, க்யூட்டியில் ஸ்டாண்டர்ட் பாத்ஸ் வகுப்பு, பைத்தனில் பிளாட்ஃபோம்டிர்ஸ் என்ற சின்ன நூலகம். இவை எந்த இயங்குதளத்தில் ஓடுகிறோம் என்று பார்த்துச் சரியான இடத்தைத் தாமே சொல்லும்.

இன்னொன்று, இதில் நானே ஒரு நாள் முழுக்க மினக்கெட்டேன். ஏதோ ஒரு பிழை வந்தவுடன் "வலது கிளிக் பண்ணி அட்மினா ஓட்டுங்கோ" என்று போனில் சொல்லிவிடுவது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். பயனர் சாதாரணக் கணக்கில் இருந்துகொண்டு இன்னொரு அட்மின் கணக்கின் பாஸ்வேர்ட் கொடுத்து ஓட்டினால், மென்பொருள் பார்க்கும் ஆப்டேட்டா அந்த அட்மினுடையது. செற்றிங்ஸ் எல்லாம் காணாமல் போன மாதிரி இருக்கும், புதுக் கணக்கு ஒன்று அங்கே தொடங்கியிருக்கும். லினக்ஸில் சூடோ போட்டு, அதாவது அட்மின் உரிமையோடு, ஓட்டினாலும் கிட்டத்தட்ட இதே கூத்து, அங்கே சில வேளை உங்கள் வீட்டு ஃபோல்டருக்குள்ளேயே ரூட் என்ற அட்மின் கணக்குக்குச் சொந்தமான கோப்பு கிடந்து, பிறகு உங்களால் அதில் எழுத முடியாமல் இருக்கும்.

விண்டோஸ் அடிக்கிற கடையை மறக்காதீர்கள்

இந்த விசயத்தை எழுதியிருக்கிற ஆவணங்கள் எதிலும் நான் காணாத ஒன்று இது, ஆனால் கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ மென்பொருள் கொடுக்கிறவருக்கு இதுதான் மிக முக்கியம். கணினி மெதுவானால், வைரஸ் வந்தால், ஒன்றும் விளங்காவிட்டால், எங்கள் ஆட்கள் அதைத் தூக்கிக்கொண்டு போய் "விண்டோஸ் அடிச்சுத் தாங்கோ" என்று கொடுத்துவிடுவார்கள். அங்கே இருக்கிற தம்பி நல்ல பிள்ளை, போமற் பண்ணுவதற்கு முன் டெஸ்க்டொப்பையும் டொக்கியுமென்ட்ஸையும் படங்களையும் கொப்பி எடுப்பான். டி டிரைவைத் தொடமாட்டான். ஆனால் மறைந்து கிடக்கும் ஆப்டேட்டாவை யார் பார்ப்பார்கள்? புரோகிராம் டேட்டாவை யார் பார்ப்பார்கள்? விதிப்படி சரியான இடத்தில் வைத்த கணக்கு விதிப்படியே அழிந்துபோகும்.

அப்படியென்றால் டேட்டாபேஸையே டொக்கியுமென்ட்ஸில் வைத்தால் என்ன? வைக்காதீர்கள். விண்டோஸ் 10, 11இல் மைக்ரோசொஃப்ட் கணக்கு போட்டுத் தொடங்கினால் டொக்கியுமென்ட்ஸ் ஃபோல்டர் பல நேரம் ஒன்டிரைவுக்குள் இடம் மாறிவிடும். இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபிதான். ஒவ்வொரு துண்டு அடிக்கும்போதும் டேட்டாபேஸ் மாறும், மாறும்போதெல்லாம் அது மேலே ஏறப் பார்க்கும், ரவுட்டரின் டேட்டா கரையும். அதைவிடப் பெரிய ஆபத்து, மென்பொருள் எழுதிக்கொண்டு இருக்கும்போதே பாதிக் கோப்பு மேலே போய், இன்னொரு கணினியில் பழுதாக இறங்குவது.

நான் இப்போது செய்வது இது: ஓடுகிற டேட்டாபேஸ் லோக்கலிலோ புரோகிராம் டேட்டாவிலோ இருக்கும். ஒவ்வொரு நாளும் மென்பொருளை மூடும்போது திகதி போட்ட பக்கப் ஒன்று டொக்கியுமென்ட்ஸில், கடையின் பெயரில் தமிழில் பெயரிட்ட ஒரு ஃபோல்டரில் விழும். கடைசி 14 மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடும். டி டிரைவ் இருந்தால் அங்கேயும் ஒன்று. விண்டோஸ் அடிக்கிற தம்பி இதைக் காணாமல் விடமாட்டான், ஒன்டிரைவும் ஒரு நாளைக்கு ஒரு தடவை மட்டும் ஏற்றினால் போதும்.

பக்கப் எடுக்கும்போது எஸ்கியூலைட் (ஒரு கோப்பாகவே இருக்கும் சின்ன டேட்டாபேஸ்) பாவிக்கிறவர்கள் கவனம். வால் (WAL) முறையில், அதாவது மாற்றங்களை முதலில் பக்கத்துக் கோப்பில் எழுதிவைக்கும் முறையில், ஓடினால் முதன்மைக் கோப்புக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கோப்பு இருக்கும், கடைசியாக அடித்த துண்டுகள் அவற்றில் ஒன்றுக்குள் இருக்கலாம். முதன்மைக் கோப்பை மட்டும் கொப்பி எடுத்தால் அன்றைய கணக்கு பாதி வராது. எஸ்கியூலைட்டுக்குள்ளேயே பக்கப் எடுக்கும் செயல்பாடு இருக்கிறது, 2019இல் இருந்து வேக்கூம் இன்டு என்ற கட்டளையும் இருக்கிறது. அதைப் பாவியுங்கள். நெட்வேர்க்கில் பகிர்ந்த ஃபோல்டரில் வால் முறை வேலை செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள், இரண்டு கணினி ஒரே கணக்கைப் பாவிக்க வேண்டும் என்றால் சேர்வர் டேட்டாபேஸ் ஒன்றுக்குப் போவதுதான் வழி.

லினக்ஸ், மக்

லினக்ஸில் இது வடிவாக எழுதப்பட்டிருக்கிறது. எக்ஸ்டிஜி பேஸ் டிரெக்டரி என்ற வரையறை 2003இல் இருந்து இருக்கிறது. செற்றிங்ஸ் வீட்டு ஃபோல்டரில் புள்ளி கொன்ஃபிக் என்பதற்குள், தரவு புள்ளி லோக்கலுக்குள் இருக்கும் ஷெயாரில், கேஷ் புள்ளி கேஷில். பதிவுக் கோப்பு, கடைசியாகத் திறந்தவை போன்றவற்றுக்குப் புள்ளி லோக்கலுக்குள் ஸ்டேட் என்ற இடம், இது 2021இல்தான் சேர்ந்தது. பயனர் இந்த இடங்களைச் சூழல் மாறிகளால் மாற்றி வைத்திருக்கலாம், ஆகவே முதலில் மாறியைப் பாருங்கள், அது வெறுமையாக இருந்தால்தான் இந்த இயல்பு இடங்கள். மாறியில் இருப்பது முழுப் பாதையாக இல்லாவிட்டால் அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றும் வரையறை சொல்கிறது.

வீட்டு ஃபோல்டரின் வாசலில் உங்கள் மென்பொருளின் பெயரில் புள்ளி வைத்த கோப்பு ஒன்றைப் போடுகிற பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள். புள்ளியில் தொடங்கினால் கோப்பு மறைவது யாரும் திட்டம்போட்டுச் செய்ததும் இல்லையாம். நடப்பு ஃபோல்டரையும் மேல் ஃபோல்டரையும் குறிக்கிற ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி இரண்டையும் பட்டியலில் காட்டாமல் விட, முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்க்கிற சோம்பேறி வரி ஒன்றை ஆரம்பத்தில் எழுதிவிட்டார்கள், அதில் இருந்து வந்த வினைதான் என்று யூனிக்ஸ் குழுவில் இருந்த ரொப் பைக் எழுதியிருந்தார். ஒரு வரிச் சோம்பல், வீடு முழுக்கக் குப்பை.

மக் எங்கள் பக்கம் குறைவு, சுருக்கமாகச் சொல்கிறேன். பயனரின் லைப்ரரி ஃபோல்டருக்குள் அப்ளிகேஷன் சப்போர்ட்டில் தரவு, கேஷஸில் கேஷ். செற்றிங்ஸை யூசர் டிஃபோல்ட்ஸ் வழியாக எழுதுங்கள், அது பிரிஃபெரன்ஸஸ் ஃபோல்டரில் தானே வைத்துக்கொள்ளும். அந்தக் கோப்பைக் கையால் திறந்து திருத்தினால் இயங்குதளம் தன் நினைவில் வைத்திருக்கும் பழையதை அதன் மேல் எழுதிவிடும், பிறகு பேய் பிடித்ததா என்று தேடவேண்டி வரும்.

பெயர் தமிழில் இருந்தால்

நான் எழுதியதைப் பரீட்சித்துப் பார்த்தது எல்லாம் என் சொந்தக் கணினியில், என் பெயர் ஆங்கிலத்தில். வவுனியாவில் ஒரு கடைக்காரர் விண்டோஸ் கணக்கைத் தமிழிலேயே பெயர் வைத்துத் திறந்திருந்தார், ஏன் வைக்கக் கூடாது, அவருடைய கணினி. பயனர் ஃபோல்டரின் பெயரும் தமிழ். என் மென்பொருள் அங்கே எழும்பவே இல்லை.

காரணம் இதுதான். விண்டோஸில் பழைய வகைச் செயல்பாடுகள் அந்தந்த மொழியின் குறிமுறைப் பக்கத்தை (எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற பழைய அட்டவணை) வைத்து எழுத்தை மாற்றும். தமிழுக்கு அப்படியொரு பக்கமே கிடையாது, சிங்களத்துக்கும் கிடையாது, இரண்டும் யூனிகோடில் மட்டும்தான். ஆகவே தமிழ்ப் பெயர் முழுக்கக் கேள்விக்குறிகளாக மாறும், கேள்விக்குறி விண்டோஸ் கோப்புப் பெயரில் வரவே கூடாத எழுத்து, கோப்புத் திறக்காது. யூனிகோட் செயல்பாடுகளை மட்டும் பாவியுங்கள். பழைய சி நூலகம் ஏதாவது இருந்து தவிர்க்க முடியாவிட்டால், விண்டோஸ் 10இன் 1903 பதிப்பில் இருந்து மேனிஃபெஸ்டில் யூடிஎஃப் 8 (யூனிகோடை பைட்டுகளாக எழுதும் முறை) கேட்டு வாங்கலாம். கடைக்காரரிடம் "பெயரை ஆங்கிலத்துக்கு மாத்துங்கோ" என்று சொல்லித் தப்பப் பார்த்தேன், அதுவும் சரிவரவில்லை, கணக்கின் பெயரை மாற்றினாலும் ஃபோல்டரின் பெயர் முதலில் வைத்ததுதான்.

கோப்புப் பெயரில் பயனர் தட்டுகிறதை அப்படியே போடாதீர்கள். விவசாயியின் பெயரில் ஒரு கோப்பு என்று நான் ஒரு காலம் செய்தேன். 'கிளிநொச்சி' என்று எழுதினால் கண்ணுக்கு ஐந்து எழுத்து, யூனிகோடில் 10 குறியீடு, யூடிஎஃப் 8இல் 30 பைட். லினக்ஸில் கோப்புப் பெயருக்கு 255 பைட்தான் இடம், அதாவது தமிழில் 85 குறியீடு. இரண்டு முதலெழுத்து, ஊர், திகதி எல்லாம் சேர்த்தால் கிட்டவே வந்துவிடும். அதோடு அந்த 'நொ'வில் இருக்கும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். பார்க்க ஒன்று, கணினிக்கு வேறு வேறு. ஒரே ஆளுக்கு இரண்டு கோப்பு. பெயரை டேட்டாபேஸுக்குள் வைத்து, கோப்புக்கு இலக்கம் கொடுங்கள், தேடும்போது இரண்டு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள். பாமினியில் (யூனிகோட் அல்லாத பழைய எழுத்துரு) தட்டிய பழைய கணக்கை இறக்குமதி செய்கிறவர்கள் அதை யூனிகோடுக்கு மாற்றிவிட்டே உள்ளே எடுங்கள், செற்றிங்ஸ் கோப்பில் எழுத்துருவின் பெயரை வைத்துச் சமாளிக்கப் பார்க்க வேண்டாம்.

கரண்ட் போகும், அதை வைத்தே எழுதுங்கள்

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம், ஆனால் அதற்கு நேர அட்டவணை இருந்தது. 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் நாடு முழுக்கப் போனது, அதற்கு அட்டவணை இல்லை. மாரியில் இடி இடித்தால் இங்கே குரங்கும் தேவையில்லை.

செற்றிங்ஸ் கோப்பைத் திறந்து பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதுகிற மென்பொருள், அந்த இரண்டுக்கும் நடுவில் கரண்ட் போனால் வெறும் கோப்பை விட்டுவிட்டுப் போகும். சில வேளை அளவு சரியாக இருக்கும், உள்ளே முழுக்கப் பூச்சியம். விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் தன் சொந்த அட்டவணையைத்தான் பத்திரமாகப் பார்க்கும், உங்கள் கோப்புக்குள் என்ன இருந்தது என்பது அதன் கவலை இல்லை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள்: அதே ஃபோல்டரில் தற்காலிகப் பெயரில் புதுக் கோப்பு ஒன்றை முழுதாக எழுதுங்கள். எழுதியது டிஸ்குக்குப் போய்ச் சேரும்வரை காத்திருக்கும் கட்டளையைக் கொடுங்கள், லினக்ஸில் எஃப்சிங்க், விண்டோஸில் ஃபிளஷ் ஃபைல் பஃபர்ஸ். பிறகு பழைய பெயருக்கு மாற்றுங்கள். பெயர் மாற்றம் ஒரே அடியில் நடப்பதால், எந்த நேரம் கரண்ட் போனாலும் பழைய கோப்பு இருக்கும் அல்லது புதியது இருக்கும், அரைகுறை இருக்காது. அதே ஃபோல்டரில் என்று சொன்னது சும்மா இல்லை, டெம்ப் ஃபோல்டரில் எழுதினால் அது வேறு டிரைவாக இருக்கக்கூடும், அப்போது பெயர் மாற்றம் கொப்பியாக மாறிவிடும், பழைய ஆபத்து திரும்பி வரும்.

வாசிக்கிற பக்கமும் தயாராக இருக்க வேண்டும். செற்றிங்ஸ் கோப்பு இல்லையா, இயல்பானவற்றோடு தொடங்குங்கள். பழுதாக இருக்கிறதா, அதை வேறு பெயரில் ஒதுக்கி வைத்துவிட்டு, "செற்றிங்ஸ் பழுதாகிவிட்டது, புதிதாகத் தொடங்கியிருக்கிறோம், கணக்குக்கு ஒன்றும் இல்லை" என்று தமிழில் ஒரு வரி சொல்லுங்கள். அந்தக் கடைசிப் பகுதி முக்கியம், முதலாளிக்கு நெஞ்சு அடிக்கிறது அதற்குத்தான்.

மிச்சம்

பாஸ்வேர்டுகளைச் செற்றிங்ஸ் கோப்பில் வைக்காதீர்கள். அந்தக் கோப்பைத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லப்போகிறோம். விண்டோஸில் கிரெடென்ஷியல் மனேஜர், மக்கில் கீசெயின், லினக்ஸில் க்னோம் கீரிங் அல்லது கேவொலட் இருக்கிறது.

பென் டிரைவில் வைத்துக் கொண்டுதிரிகிற மாதிரி மென்பொருள் வேண்டும் என்று கேட்பார்கள், பகல் கடையில், இரவு வீட்டில். செய்யலாம், மென்பொருளுக்குப் பக்கத்தில் ஒரு அடையாளக் கோப்போ ஃபோல்டரோ இருந்தால் மட்டும் எல்லாவற்றையும் அங்கேயே வைப்பது. நோட்பேட் பிளஸ் பிளஸும் விஎஸ் கோடும் இப்படித்தான் செய்கின்றன. இயல்பாக இதை வைக்காதீர்கள், என் மில் கதை திரும்ப ஆரம்பிக்கும்.

ஏற்கெனவே பிழையான இடத்தில் தரவு இருக்கிறதென்றால், புதுப் பதிப்பு முதலில் புது இடத்தைப் பார்க்கட்டும், அங்கே இல்லாவிட்டால் பழைய இடத்தையும் வேர்ச்சுவல் ஸ்டோரையும் பார்த்துக் கொப்பி எடுக்கட்டும். நகர்த்த வேண்டாம், பழையது அங்கேயே கிடக்கட்டும். இரண்டு இடத்தில் வெவ்வேறு கணக்கு இருந்தால் தானாக முடிவெடுக்காமல் கேட்க வேண்டும். மென்பொருளை நீக்கும்போதும் அப்படித்தான், கேஷை அழிக்கலாம், கணக்கைத் தொடக்கூடாது. "பிழை வந்தது, அழிச்சுப் போட்டுத் திரும்ப இன்ஸ்டோல் பண்ணினனான்" என்று போனில் சொல்லாத வாடிக்கையாளர் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

உதவி மெனுவில் 'தரவு இருக்கும் இடத்தைத் திற' என்று ஒரு பொத்தான் போடுங்கள். நான் எழுதியவற்றில் ஆகக் குறைந்த வரிகளில் ஆகக் கூடிய நன்றி வாங்கியது அதுதான்.

கொடுப்பதற்கு முன் உங்கள் கணினியில் அட்மின் உரிமை இல்லாத புதுக் கணக்கு ஒன்றைத் தமிழ்ப் பெயரில், நடுவில் இடைவெளியோடு திறந்து, அதில் ஓட்டிப் பாருங்கள். இன்னொரு கணக்கில் இருந்து அதே தரவைத் திறந்து பாருங்கள். பிறகு சேமித்துக்கொண்டு இருக்கும்போதே கரண்டைப் பிடுங்குங்கள், பத்துத் தடவையாவது. லப்டொப்பில் செய்கிறவர்கள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று சந்தோசப்படாதீர்கள், பற்றரி இருக்கிறது, பவர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள்.